ஆரம்பிச்சது எத்தனை பேர், முடிச்சது எத்தனை பேர்?

கேள்வி: மன்னார்குடி வாசகர், 14 ஜூன் 2025

அப்பாவுக்கு 11 வருஷமா சர்க்கரை. போன வாரம் வாட்ஸ்அப்ல ஒரு செய்தி வந்துச்சு. ஏதோ இலைப் பொடியாம், வெறும் வயித்துல சாப்பிட்டா சர்க்கரை பாதியா குறையுதாம், வெளிநாட்டுப் பத்திரிகையிலயே ஆராய்ச்சி வந்திருக்காம். கட்டுரையோட முதல் பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போட்டிருக்காங்க. அப்பா மாத்திரையை நிறுத்திட்டார். நான் சொன்னா கேட்க மாட்டேங்கறார். ஆராய்ச்சின்னு அச்சுல வந்துட்டா உண்மையாத்தானே இருக்கணும்? எதை வெச்சு மறுத்துப் பேசறது?

14 ஜூன், ராத்திரி

தம்பி, முதல்ல மாத்திரை. அதை ஒரு நாள் கூட நிறுத்த விடாதீங்க. நாளைக்குக் காலையில வெறும் வயித்துல ஒரு தடவை, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை ரத்தம் பாருங்க. சீட்டை எடுத்துக்கிட்டு அவர் வழக்கமா பார்க்கற டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போங்க. பொடி சாப்பிட்டதையும் மறைக்க வேண்டாம். மத்ததை நாளைக்கு எழுதறேன்.

15 ஜூன்

நான் டாக்டர் இல்லை. டெல்டாவுல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில ரெக்கார்டு செக்‌ஷன்ல 27 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கேஸ் ஷீட்டைக் கட்டறது, ரேக்குல அடுக்கறது, கேட்டா தேடி எடுத்துக் கொடுக்கறது. மேற்படிப்பு படிக்கிற டாக்டர் பிள்ளைங்க தீசிஸுக்காக எங்ககிட்டதான் வந்து நிப்பாங்க. கம்ப்யூட்டர்ல எண் ஏத்தற வேலையும் என் கைக்கே வந்து சேர்ந்துச்சு. ஒரு ஆராய்ச்சி அட்டவணை எப்படிப் பிறக்குதுன்னு பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்.

யார் எந்த ஆராய்ச்சியைக் காட்டினாலும் நான் முதல்ல கேட்கறது ஒண்ணுதான். ஆரம்பிச்சது எத்தனை பேர், முடிச்சது எத்தனை பேர், நடுவுல போனவங்க என்ன ஆனாங்க?

ஏன் இப்படிக் கேட்கறேன்னா, பதினைஞ்சு வருஷம் முந்தி நடந்த ஒரு விஷயம். சர்க்கரைக் கால் புண்ணுக்குப் புது மாதிரிக் கட்டு ஒண்ணு, வழக்கமான கட்டு ஒண்ணு, எது நல்லா ஆத்துதுன்னு ஒரு தீசிஸ். எந்த மருந்துன்னு சொல்லப் போறதில்லை. 60 பேரைச் சேர்த்தாங்க. 12 வாரம் வரணும். சம்பா நடவு தொடங்கினதும் வரவு குறைஞ்சுது. யார் யார் வரலைன்னு நான் ஒரு நீள நோட்டுல பென்சிலால குறிச்சுக்கிட்டே வந்தேன். பேர் கிடையாது, நம்பர் மட்டும்.

அதுல ஒரு அம்மா, வலங்கைமான் பக்கம், நடவாள். டிரெஸ்ஸிங் ரூம் பெஞ்சுல உட்கார்ந்து காலை நீட்டினாங்கன்னா குதிகால் வெடிப்புக்குள்ள வண்டல் கறுப்பா ஏறி இருக்கும். எத்தனை கழுவினாலும் போகாது. பெருவிரலுக்கு அடியில எட்டணா அகலத்துக்குப் புண். "வலிக்குதாம்மா"ன்னு கேட்டேன். "வலிச்சாத்தான் தேவலையே ஆயி, அங்க ஒண்ணுமே தெரியலையே"ன்னாங்க. எட்டாவது வாரத்துக்கு மேல அவங்களைக் காணோம். ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் பிடிச்சு நானே தேடிப் போனேன். வேற ஆஸ்பத்திரியில ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. திண்ணையில காலைத் தூக்கித் தலகாணி மேல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.

திங்கக்கிழமை வந்து, தீசிஸ் எழுதற டாக்டர் தம்பிகிட்ட சொன்னேன். "கடைசி விசிட்டுக்கு வரலைல்ல அக்கா, அப்ப டேபிள்ல வேண்டாம். முடிச்சவங்களை மட்டும் போடுங்க"ன்னு பதில் வந்துச்சு. அந்த அம்மாவோட வரியை கம்ப்யூட்டர்ல நான்தான் அழிச்சேன். கடைசி அட்டவணையில 41 பேர். புதுக் கட்டுதான் நல்லதுன்னு முடிவு எழுதினாங்க. போனவங்க எல்லாம் புண் மோசமானவங்க. அவங்களைக் கழிச்சுட்டா எந்தக் கட்டும் ஜெயிக்கத்தான் செய்யும்.

17 ஜூன்

"நடுவுல நாலு பேர் நின்னுபோறது எல்லா இடத்துலயும் சகஜம்தானே"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். சகஜம்தான். யாருமே தப்பாம வரணும்னு நான் சொல்லலை. வராதவங்க எத்தனைன்னு எழுதணும்னு சொல்றேன்.

நான் பிறந்தது தலைஞாயிறு பக்கம், கடைமடை. 12-ந் தேதி மேட்டூர்ல தண்ணி திறந்தாச்சு. பூ தூவினதை டிவியில காட்டினாங்க, எத்தனை கன அடின்னு சொன்னாங்க. எங்க ஊர் வாய்க்காலுக்கு அது என்னைக்கு வந்துச்சு, எத்தனை அடி வந்துச்சு, எந்த வயல் காஞ்சு கிடந்துச்சுங்கறது எந்தச் செய்தியிலயும் வராது. சின்ன வயசுலயே பழகிப்போன கோபம் இது.

18 ஜூன்

விட்டுப்போனது ஒண்ணு. இதுக்கு உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட ஒரு முறை இருக்கு. கன்சார்ட்னு பேர். மருந்துச் சோதனையைக் கட்டுரையா எழுதும்போது எதையெல்லாம் கட்டாயம் சொல்லணும்ங்கற பட்டியல். 1996-ல முதல்ல வந்துச்சு, 2001-லயும் 2010-லயும் திருத்தினாங்க, இந்த ஏப்ரல்ல 2025 பதிப்பு வந்திருக்கு, 30 அம்சம். அதோட ஒரு படமும் உண்டு. மேல ஒரு கட்டம்: எத்தனை பேரைப் பார்த்தோம். கீழ ரெண்டா பிரியும்: இந்தப் பக்கம் இத்தனை, அந்தப் பக்கம் இத்தனை. அதுக்கும் கீழ, விட்டுப்போனவங்க இத்தனை, காரணம் இன்னது. கடைசிக் கட்டத்துல, கணக்குல எடுத்தது இத்தனை. ஆத்துல இருந்து வாய்க்கால், வாய்க்கால்ல இருந்து கன்னி வாய்க்கால்னு பிரியற மாதிரியே இருக்கும். ஒரு சொட்டு எங்க போச்சுன்னாலும் தெரியும்.

எங்க தீசிஸ் நடந்தப்ப இந்தப் படம் பிறந்து பத்து வருஷத்துக்கு மேல ஆயிருந்துச்சு. எங்க கட்டடத்துல நான் ஒரு தடவை கூட அதைக் கண்ணால பார்க்கலை.

22 ஜூன்

எதிர்ப் பிரிவுன்னு ஒண்ணு (புது மருந்து கொடுக்காம, ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காக வெச்சிருக்கற ஆளுங்க) ஏன் வேணும், அதுலயும் யாரை எந்தப் பக்கம் போடறதுன்னு ஏன் சீட்டுப் போட்டு எடுக்கணும்னு ஒருத்தர் கேட்டிருந்தார். எங்க அப்பா கதையைச் சொல்றேன்.

விவசாய ஆபீசர் வந்து, புது ரகம் ஒரு மூட்டை கொடுத்து, "ஒரு துண்டுல இதைப் போடுங்க, இன்னொரு துண்டுல வழக்கம் போல சி.ஆர். 1009 போடுங்க, எது தேறுதுன்னு பார்ப்போம்"னார். அப்பாவுக்குப் பெருமை தாங்கலை. சர்க்கார் விதையாச்சே. மடையை ஒட்டி, எரு நல்லா விழுந்த துண்டை அதுக்குக் கொடுத்தார். வழக்கமான ரகம் மேட்டுத் துண்டுக்குப் போச்சு. புது ரகம் செழிச்சு நின்னுச்சு. ஊரே வந்து பார்த்துச்சு. அப்பா யாரையும் ஏமாத்தலை. ஆசை அவர் கையைப் பிடிச்சு நல்ல துண்டுக்குக் கூட்டிட்டுப் போச்சு, அவ்வளவுதான்.

இந்த ஆசையைக் கட்டிப் போடத்தான் இங்கிலாந்துல ரோதம்ஸ்டெட் வயல் ஆராய்ச்சி நிலையத்துல 1920-கள்ல ஃபிஷர்ங்கற புள்ளியியல்காரர், எந்தப் பாத்திக்கு எதுன்னு குலுக்கிப் போட்டு முடிவு பண்ணச் சொன்னார். வயல்ல பிறந்த வழிதான் மருந்துக்கும் வந்துச்சு. 1948-ல வெளியான பிரிட்டிஷ் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய் மருந்து) சோதனையில பிராட்ஃபோர்ட் ஹில்ங்கற புள்ளியியல்காரர் அதையே செஞ்சார். 107 காசநோயாளிகள். யாருக்கு மருந்துங்கறது ஒட்டின உறைக்குள்ள இருக்கும், டாக்டருக்கே முன்கூட்டித் தெரியாது. மருந்தும் படுக்கை ஓய்வுமா இருந்த 55 பேர்ல ஆறு மாசத்துல 4 பேர் செத்தாங்க. ஓய்வு மட்டும் எடுத்த 52 பேர்ல 14 பேர். அந்த எண்களை இன்னைக்கும் யார் வேணும்னாலும் எடுத்துப் பார்க்கலாம். முழுசா எழுதி வெச்சிருக்காங்க.

29 ஜூன்

ஆள் விட்டுப்போறது ஒரு கஷ்டம்னா, ஆராய்ச்சியே மொத்தமா விட்டுப்போறது அதைவிடப் பெரிய கஷ்டம்.

1980-ல லோர்கைனைடுன்னு ஒரு மருந்தை மாரடைப்பு வந்தவங்களுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. இதயத் துடிப்பு தாறுமாறாகறதை அது அடக்குச்சு. ஆனா மருந்து சாப்பிட்ட 48 பேர்ல 9 பேர் இறந்தாங்க, மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 47 பேர்ல ஒருத்தர்தான். தற்செயலா இருக்கும்னு நினைச்சாங்க. வியாபாரக் காரணத்தால அந்த மருந்தும் கைவிடப்பட்டுச்சு, கட்டுரையும் வரலை. 1993-லதான் அதே டாக்டர்கள் வெளியிட்டாங்க. முன்னாடியே வந்திருந்தா ஒரு எச்சரிக்கையா இருந்திருக்கும்னு அவங்களே எழுதினாங்க. நடுவுல அதே வகை மருந்துகளை எத்தனையோ பேருக்குக் கொடுத்தாச்சு.

இன்னொண்ணு. மனச்சோர்வு மாத்திரைகளுக்காக, அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி கொடுக்கற எஃப்.டி.ஏ.கிட்ட பதிவான 74 சோதனைகளை எடுத்து, அச்சுல வந்ததோட ஒப்பிட்டு 2008-ல ஒரு கட்டுரை வந்துச்சு. எஃப்.டி.ஏ. நல்ல பலன்னு ஒத்துக்கிட்டது 38. அதுல 37 அச்சுல வந்துச்சு. மீதி 36-ல 22 வெளியவே வரலை, 11 நல்ல பலன் வந்த மாதிரி எழுதப்பட்டு வந்துச்சு, 3 மட்டும்தான் உள்ளபடி வந்துச்சு. பத்திரிகையை மட்டும் படிக்கிற டாக்டர் கண்ணுக்கு என்ன தெரியும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

இதுக்குத்தான் நம்ம நாட்டுல சிடிஆர்ஐங்கற மருத்துவச் சோதனைப் பதிவேடு வந்துச்சு, 2009-ல. சோதனை தொடங்கும் முன்னாடியே இன்னதை இப்படி அளக்கப் போறோம்னு பதிஞ்சுடணும். அப்புறம் மறைக்க முடியாது.

30 ஜூன்

திருத்தம். சிடிஆர்ஐ தொடங்கினது 2007 ஜூலை 20. 2009 ஜூன் 15-லதான் கட்டாயமாச்சு. நான் ரெண்டையும் குழப்பிட்டேன். 2018 ஏப்ரல் 1-க்கு அப்புறம், முதல் ஆளைச் சேர்க்கறதுக்கு முன்னாடியே பதியறதை மட்டும்தான் ஏத்துக்கறாங்க. தீசிஸையும் பதியலாம், படிவத்துலயே அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. யார் வேணும்னாலும் உள்ளே போய்த் தேடலாம், காசு கிடையாது.

"அப்புறம் மறைக்க முடியாது"ன்னு எழுதினதும் அதிகப்படி. பதிஞ்சுட்டு முடிவை வெளியிடாம விடறவங்க இருக்காங்க. ஆனா மறைச்சா மறைச்சது தெரியும். முன்னாடி அதுவும் தெரியாது.

6 ஜூலை

எல்லாம் வெளிநாட்டுக் குற்றப் பட்டியலாவே இருக்கேன்னு ஒரு அக்கா வருத்தப்பட்டிருக்காங்க. நம்ம ஊர்ல ஒழுங்கா எழுதினதும் உண்டுக்கா. சென்னையில 1956-ல காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் தொடங்கினாங்க. சானடோரியத்துல, அதாவது காசநோய் ஆஸ்பத்திரியில, படுக்க வெச்சாத்தான் குணமாகுமா, வீட்டுல இருந்தே மருந்து சாப்பிட்டாலும் ஆகுமான்னு ஒரு சோதனை. வீட்டு வைத்தியம் சானடோரியத்துக்குக் குறைஞ்சதில்லைன்னு 1959-ல வந்த கட்டுரை தொண்ணூறு பக்கத்துக்கு மேல. அத்தனையும் கணக்கு, அட்டவணை. அதை நம்பி உலகமே படுக்கையை விட்டு வீட்டுக்கு மாறுச்சு.

செங்கல்பட்டுல நடந்த பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) சோதனை அதைவிட எனக்குப் பெருசாத் தெரியுது. 1968-ல ஆரம்பிச்சு, லட்சக்கணக்கான ஜனங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து, பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கலைன்னு கண்டாங்க. எவ்வளவு ஏமாற்றமா இருந்திருக்கும். ஆனாலும் மூடி வைக்கலை, வெளியிட்டாங்க. (குழந்தைக்கு வர்ற மூளைக் காய்ச்சல் மாதிரி கடுமையான காசத்துக்கு அந்த ஊசி காப்புதான். பிறந்ததும் போடறது அதுக்குத்தான். யாரும் இதைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க.)

13 ஜூலை

ஒரு மாசமா மனசுல உறுத்துது. அந்த தீசிஸ் டாக்டர் தம்பியைப் பத்தி நான் எழுதின விதம் சரியில்லை. அப்ப அவருக்கு இருபத்தேழு வயசு. காலையில ஓ.பி., மதியம் வார்டு, ராத்திரி டியூட்டி. தீசிஸ் கொடுக்கலைன்னா பரீட்சை எழுத முடியாது. கைடு கேட்டது "பி வேல்யூ வந்துச்சா?" இது ஒண்ணுதான். (வெறும் தற்செயலா இருந்தா இவ்வளவு வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்புங்கற எண் அது. 0.05-க்குக் கீழ இருந்தா "வந்துச்சு"ம்பாங்க.) பஸ்ஸுக்குக் கூடக் காசு ஒதுக்காத ஒரு ஆராய்ச்சியில வராதவங்களைத் தேடிப் போகச் சொன்னா யார் போவாங்க? தப்பு நடந்தது உண்மை. அது ஒரு பையனோட தப்பு மட்டும் இல்லை. என் விரலும் அதுல இருந்துச்சு.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. குடமுருட்டியில தண்ணி கரை தொட்டுப் போகுது. காதோலை கருகமணி வெச்சுக் கும்பிட்டுட்டு, சித்ரான்னத்துக்குப் பெரிய தவலை எடுக்கப் பரண்ல ஏறினேன். அடியில அந்த நீள நோட்டு இருந்துச்சு. சோறு ஆறிப்போச்சு, நான் இன்னும் படிச்சுக்கிட்டே இருக்கேன்.

5 ஆகஸ்ட்

பெரிய திருத்தம். 15 ஜூன் குறிப்பைப் படிச்சவங்க இதையும் கட்டாயம் படிங்க.

சேர்த்தது 60 பேர் இல்லை, 58. அதை விடுங்க. "போனவங்க எல்லாம் புண் மோசமானவங்க"ன்னு எழுதினேனே, அது பொய்யாயிடுச்சு. விட்டுப்போனது 17 பேர். நேர்லயும் போன்லயும் அதுல 11 பேரை நான் விசாரிச்சிருக்கேன், நோட்டுல இருக்கு. ஆறு பேருக்குப் புண் ஆறிப்போய் நடவுக்குப் போயிட்டாங்க. ஆறின காலோட எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரணும்? நாலு பேருக்கு மோசமாகி வேற இடத்துல விரலோ பாதமோ எடுத்தாச்சு. ஒருத்தர் நெஞ்சு வலியில இறந்துட்டார். ஆறு பேரைப் பத்தித் தெரியலை.

திண்ணையில பார்த்த அந்த அம்மா என் மனசுல பதிஞ்சுட்டாங்க. ஆறிப்போன ஆறு பேர் பதியவே இல்லை. பதினைஞ்சு வருஷமா எல்லார்கிட்டயும் நான் பாதிக் கணக்கைத்தான் சொல்லி இருக்கேன். அட்டவணையில அவங்க செஞ்சதை என் ஞாபகத்துல நான் செஞ்சிருக்கேன். ரெண்டு நாளா தூக்கம் வரலை.

சரி, கணக்கு. தீசிஸ் படி, புதுக் கட்டு: முடிச்ச 19 பேர்ல 15 பேருக்கு ஆறிச்சு, 79 சதவீதம். பழைய கட்டு: 22-ல 13 பேர், 59 சதவீதம். இப்ப விட்டுப்போனவங்களைத் திருப்பிச் சேர்ப்போம். புதுக் கட்டுல ஆரம்பிச்சது 28. போன 9 பேர்ல ஆறினது 1, மோசமானது 3, தெரியாதது 5. பழைய கட்டுல ஆரம்பிச்சது 30. போன 8 பேர்ல ஆறினது 5, மோசமானது 1, இறந்தது 1, தெரியாதது 1. ஆறினதுன்னு தெரிஞ்சதை மட்டும் கூட்டினா, புதுசுல 28-க்கு 16, 57 சதவீதம். பழசுல 30-க்கு 18, 60 சதவீதம்.

இருபது சதவீத வித்தியாசம் காணாமப் போயிடுச்சு. புதுக் கட்டு உதவாதுன்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது. தெரியாத அந்த அஞ்சு பேருக்கும் ஆறியிருந்தா 75 சதவீதம் ஆயிடும். தெரியாதுன்னு எழுதியிருக்கணும், அதுதான் நேர்மை.

24 ஆகஸ்ட்

கும்பகோணத்துல இருந்து ஒரு டாக்டரம்மா என் கணக்கைக் கேள்வி கேட்டிருக்காங்க. யாருக்கு எந்தக் கட்டுன்னு எனக்குத் தெரிஞ்சே நான் விசாரிச்சிருக்கேன். போன்ல "ஆறிடுச்சு"ன்னு சொன்னதை அப்படியே நம்பியிருக்கேன். ரெண்டும் சரியான குறை. ஆறினதா எழுதின 6 பேர்ல 4 பேரோட காலைக் கண்ணால பார்த்தேன், 2 பேர் போன்ல சொன்னது. இதையும் கணக்கோட சேர்த்தே படிங்க.

7 செப்டம்பர்

மன்னார்குடித் தம்பி முழுக் கட்டுரையையும் வாங்கி அனுப்பினார். வரி வரியா படிச்சேன். எதிர்ப் பிரிவே இல்லை. எத்தனை பேர் நின்னுபோனாங்கன்னு இல்லை. அஞ்சாம் பக்கத்துல ஒரே ஒரு வரி: பொடி சாப்பிட்டவங்க எல்லாரும் வழக்கமான மாத்திரையையும் நிறுத்தாம சாப்பிட்டாங்க. வாட்ஸ்அப்ல வந்த முதல் பக்கத்துல அந்த வரி இல்லை. தம்பி அதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டியிருக்கார். "அப்ப அவனுங்களே மாத்திரையை விடலையா?"ன்னு கேட்டாராம். அன்னைக்கு ராத்திரியில இருந்து மாத்திரை சாப்பிடறார்.

12 அக்டோபர்

குறுவை அறுப்பு. கொள்முதல் நிலையத்துல எங்க வீட்டுக்காரர் மூணு நாளா காத்துக் கிடக்கறார், மழை வேற. ஈரப்பதம் 17-க்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க. சோறு கொண்டு போனப்ப குத்தூசியையே பார்த்துக்கிட்டு நின்னேன். மூட்டையில அது எந்த இடத்துல இறங்குதோ அந்த ஒரு பிடி நெல்லுதான் மொத்த மூட்டைக்கும் சாட்சி. மேல காஞ்சிருக்கும், அடியில ஈரமா இருக்கும். பத்து இடத்துல குத்திட்டு ஒரு பிடியை மட்டும் கையில காட்டினா?

அப்பதான் இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. அந்தத் தீசிஸ் திட்டத்துல எழுதியிருந்தது, 12 வாரத்துல புண் ஆறிச்சா இல்லையா, அது ஒண்ணுதான். 79-க்கும் 59-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிஞ்சாலும் ஆள் கம்மி, பி வேல்யூ வரலை. அப்புறம் நாலாம் வாரப் பரப்பளவு, சீழ் நின்ன நாள், வலி எண்ணுன்னு ஏழெட்டு போட்டுப் பார்த்தாங்க. நான்தான் ஓட்டினேன். ஆறாம் வாரப் பரப்பளவுல 0.04 வந்துச்சு. அதுவே தலைப்பாச்சு. மத்த ஏழும் எங்கயும் இல்லை. எதை அளக்கப் போறோம்னு முன்கூட்டிப் பதியச் சொல்றது இதுக்குத்தான். குத்தறதுக்கு முன்னாடி இடத்தைச் சொல்லிடணும்.

19 அக்டோபர்

ரொம்ப நாள் தயங்கிட்டு அந்த டாக்டர் தம்பிக்கு போன் பண்ணினேன். இப்ப அவரே மேற்படிப்புப் பிள்ளைங்களுக்குக் கைடு. 5 ஆகஸ்ட் கணக்கைப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்தத் தீசிஸை நான் கட்டுரையாவும் போட்டேன் அக்கா. உங்களுக்குத் தெரியாது"ன்னார். எனக்குத் திக்குன்னு ஆச்சு. "நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. பத்திரிகைக்கு எழுதறேன்"ன்னார். அனுப்பினாலும் போடுவாங்களான்னு கேட்டேன். "போடலைன்னாலும் எழுதணும்ல"ன்னார்.

இன்னைக்கு மத்தியானம் முழுக்க வாசல் திண்ணையில உட்கார்ந்து பக்கம் பக்கமா எடுத்தேன். ஊர்ப் பேர் வர்ற இடத்துல வெள்ளைத் தாள் வெச்சு மறைச்சேன். 34-ம் பக்கத்துல வலங்கைமான் அம்மா, நம்பர் 23. பென்சில் மங்கிப்போயிருக்கு. வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சு ரெண்டு தடவை எடுத்தேன். படிக்க முடியுது.